எதிர் சீட்டில் யாரு? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில், ராத்திரி ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷன் வந்ததும் சீட்டுக்கு அடியில் இருந்த பைகளைக் கால் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். விழுப்புரத்தில் நாலு, விருத்தாசலத்தில் நாலு, அரியலூரில் மூன்றுதான் காலில் பட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே குனிந்து, உள்ளே நகர்ந்து போயிருந்த நாலாவது பையை இழுத்து விட்டேன். "எண்றதப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். விஷயம் இவ்வளவுதான். இதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

ரயிலில், பஸ்ஸில் மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். "ஏன் இப்படி வாயைப் பிளந்துக்கிட்டு பாக்குற" என்று என் கணவர் இடிக்கிறார். தப்பா? – தென்காசி வாசகி

வாயை மூடிக்கொண்டு பாருங்கள், தப்பில்லை.

வேடிக்கை பார்ப்பது வேறு, முறைப்பது வேறு என்று எல்லாருக்கும் தெரியும், எல்லை எங்கே என்று கேட்டால்தான் திணறுவோம். என் கணக்கு இது: அவர் திரும்பிப் பார்த்தார், நான் கண்ணை எடுத்துவிட்டேன், சரி. இரண்டாவது முறை அவர் திரும்பும்போதும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு என்மேல். ராத்திரி என்றால் இந்தக் கவலையும் இல்லை. உங்கள் ஊர் பொதிகையில் செங்கல்பட்டு தாண்டியதும் வெளியே கும்மிருட்டு. ஏ.சி. பெட்டி என்றால் ஜன்னல் கண்ணாடியில் வெளியே எதுவும் தெரியாது, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தெரிவார்கள். இயற்கையை ரசிப்பது மாதிரி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கள் மதியம் சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள். டிக்கெட் போனில்தான் இருக்கிறது, ஆனாலும் டிடிஆர் வருகிற வரைக்கும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருக்கிறவர் ரொம்ப நாள் கழித்து ரயில் ஏறுகிறவர். செருப்பைக் கழற்றி கேரிபேக்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை செருப்பு போயிருக்கிறது. இதெல்லாம் என் ஊகம், பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகும். பட்டையாக விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி, நிதானமான பேச்சு என்று ஒருவரைப் பார்த்து ஏதோ தேவஸ்தானத்தில் கணக்குப் பிள்ளை என்று முடிவே செய்துவிட்டேன், கடைசியில் அவர் நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறவர். அப்படித் தப்பாகப் போகும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே பார்க்கலாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த அம்மாவின் நாலாவது பையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளால்தான் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

லோயர் பெர்த் கிடைத்தால் யாராவது வந்து கேட்டுவிடுகிறார்கள். எனக்கு 38 வயது, முதுகு வலி உண்டு, வெளியே தெரியாது. கொடுக்காவிட்டால் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள். – ஈரோடு வாசகர்

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், பாதிச் சண்டை அது தெரியாததால் வருவது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த்தில் ஒதுக்கீடு உண்டு, கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஆனால் அது தனியாகவோ, அதே தகுதியுள்ள இரண்டு பேராகவோ டிக்கெட் போட்டால்தான். பாசத்தில் மகன் தன்னையும் அம்மாவையும் ஒரே டிக்கெட்டில் போடுவான், ஒதுக்கீடு வராது, அம்மாவுக்கு அப்பர் விழும், அப்புறம் வண்டியில் ஏறி உங்களிடம் வந்து நிற்பான். அவனைத் திட்டி என்ன செய்வது, அம்மா மேலே ஏற முடியாதே.

இரண்டாவது, மிடில் பெர்த்தைப் போட்டுப் படுக்க இரவு 10 முதல் காலை 6 வரை. மற்ற நேரத்தில் லோயர் என்பது எல்லாரும் உட்காரும் இடம். எட்டரை மணிக்கே நீட்டிப் படுத்துக்கொண்டு "இது என் சீட்" என்று சொல்கிறவர் பணம் கொடுத்தது முழு நாளுக்கு இல்லை.

இப்போது உங்கள் விஷயம். கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. முதுகு வலி என்று ஒரு வரி சொல்லுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட் காட்ட வேண்டாம். கொடுப்பதாக இருந்தால் பதிலுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். "ஃபேமிலியா வந்திருக்கோம், கொஞ்சம் மாறிக்கங்க" என்று ஒருவர் கெஞ்ச, நான் பெருந்தன்மையாக எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு எஸ்-4இல் இருந்து எஸ்-9 வரை நடந்தேன், அங்கே போனால் கழிவறையை ஒட்டிய சைடு அப்பர், அதிலும் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திரும்பி எஸ்-4க்கு வந்தபோது அந்த ஃபேமிலி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் திருச்சி வரை தூக்கம் இல்லை. மாறினால் டிடிஆரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். கேட்காமலே கொடுக்கிற லோயர் பெர்த்துக்கு இருக்கிற ருசி, கேட்டுக் கொடுக்கிறதுக்குக் கிடையாது. ஏணியைப் பார்த்ததும் ஒரு பாட்டி முழங்காலைத் தடவினால் அது போதும், அவர் வாயைத் திறந்து கெஞ்சுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காக முதுகு வலிக்காரர் மேலே ஏற வேண்டாம், எதிர் லோயரில் காது கேட்காத மாதிரி போன் பார்த்துக்கொண்டிருக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அவருக்காகக் கேட்டுக் கொடுங்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தூங்கி என் தோளில் சாய்கிறார். என்ன செய்ய? – அருப்புக்கோட்டை வாசகர்

ஜன்னலோரம் அவரை உட்கார வையுங்கள். ஜன்னலோரம் நான்தான் உட்காருவேன் என்றால் தோளைக் கொடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஆகாது.

தினமும் மின்சார ரயிலில் போகிறேன். பார்வையற்ற வியாபாரிகளுக்கு உதவ நினைத்தால் எப்படி என்று தெரியவில்லை, கையைப் பிடித்தால் சில பேர் உதறுகிறார்கள். – தாம்பரம் வாசகி

உங்களை யாராவது பின்னாலிருந்து வந்து கையைப் பிடித்து இழுத்தால் நீங்கள் உதற மாட்டீர்களா?

தொடுவதற்கு முன்னால் பேசுங்கள். "இறங்கணுமாங்க? நானும் இங்கதான் இறங்குறேன்" போதும். வேண்டும் என்றால் அவரே சொல்வார். நீங்கள் அவர் கையைப் பிடிக்கக் கூடாது, அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால், உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரியும். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனால் பள்ளத்தை அவர் முதலில் சந்திப்பார். குச்சியைத் தொடவே வேண்டாம். பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது "வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் நீங்கள் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார், அதைவிட அவமானம் இல்லை.

பணம் கொடுக்கும்போது என்ன நோட்டு என்று சத்தமாகச் சொல்லுங்கள். இப்போதைய நூறு ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு மிளகு அளவு. ஓடுகிற வண்டியில், ஒரு தோளில் பை, ஒரு கையில் பேனாக் கட்டு, மேலே கம்பியையும் பிடித்துக்கொண்டு அந்த மிளகை விரலால் கண்டுபிடிக்க வேண்டும். நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே போனை எடுத்து நோட்டை நீட்டிப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். நீங்கள் "இது நூறுங்க" என்று சொன்னால் அவருக்கும் கேட்கும், பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கும் கேட்கும், யாரும் ஏமாற்ற முடியாது.

இன்னொன்று, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் பார்க்-கோட்டை நடுவே ஒருவரிடம் "பேனா வேணாம், காசை வெச்சிக்கங்க" என்று இருபது ரூபாயைக் கையில் வைத்தேன். "நான் கேக்கலயேங்க" என்று திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டு, அதே குரலில் "பேனா அஞ்சு, பத்து" என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வியாபாரிக்குச் செய்கிற உதவி வாங்குவதுதான். பேனா எழுதாவிட்டால் திட்டுங்கள், அதுவும் மரியாதைதான்.

தெரியாதவர் ரயிலில் கொடுக்கிற சாப்பாட்டை வாங்கலாமா? வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுமே. – சேலம் வாசகி

வாங்காதீர்கள். இதில் நான் கறார். பிஸ்கட்டிலும் டீயிலும் மயக்க மருந்து கலந்து கொடுத்துவிட்டு நகையோடு இறங்குகிற கூட்டம் கதை இல்லை, அதனால்தான் ரயில்வேயே எச்சரிக்கிறது. தனியாகப் போகிறவர்கள், கழுத்தில் நகை உள்ளவர்கள், ராத்திரி வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மறுக்கிறதுக்கு நம் ஊரில் அருமையான வழி இருக்கிறது, "எனக்கு சுகர்". அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை, உடனே அவர்களுக்கும் சுகர் என்று ஆரம்பித்து மெட்ஃபார்மின் அளவு வரைக்கும் பேச்சு போய்விடும், சாப்பாடு மறந்தே போகும். காரம் கொடுத்தால் "இன்னிக்கு விரதம்".

ஆனால் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எதிராளி பயப்படாமல் வாங்குகிற மாதிரி கொடுக்கத் தெரிய வேண்டும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் விற்கிறவர் வந்தால் அவரிடமே இரண்டு பாக்கெட் வாங்கி, ஒன்றை அவர் கையாலேயே எதிர் சீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அதையும் முதலில் அம்மாவிடம் கேட்டுவிட்டு. வாழைப்பழம் என்றால் சீப்பை நீட்டி அவர்களையே ஒன்று பிய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் முகம் சுண்டாமல் நீங்கள் சாப்பிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாமல் கொடுக்கிறது உபசாரம் இல்லை, தொல்லை.

காட்பாடி ஸ்டேஷன் வழியாகத்தான் காலேஜ் போகிறேன். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள் திகைத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். உதவ ஆசை, மொழி தெரியாது, என் ஹிந்தியும் தகராறு. – வேலூர் வாசகர்

உங்கள் கேள்விக்காகத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

1900இல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி, ஹவுரா பக்கத்திலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டி உட்கார்ந்து வருகிறார்கள். இறங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். நடுவில் நோயாளி, ஒரு பக்கம் எக்ஸ்ரே கவரை மடங்காமல் பிடித்திருக்கிற மகன், இன்னொரு பக்கம் அரிசி மூட்டை உட்பட வீட்டையே தூக்கி வந்த மாதிரி சாமான், ஏனென்றால் எத்தனை நாள் தங்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. ஸ்டேஷன் போர்டில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கிறது, அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த நாலாவது எழுத்து அதில் இல்லை.

ஹிந்தி தகராறு என்று வெட்கப்படாதீர்கள், கிராமத்திலிருந்து வருகிற வயதான வங்காளிகளில் பல பேருக்கும் அது தகராறுதான். ஜொல் என்றால் தண்ணீர், பாத் என்றால் சோறு, கொத்தாய் என்றால் எங்கே. இந்த மூன்றும் போதும், மிச்சத்தை போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர் லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டில் எல்லாம் வங்காள எழுத்து இருக்கிறதே, போகிற வழியில் நாலு எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

எண்ணில்தான் ஜாக்கிரதை. வங்காள எழுத்தில் நாலு என்பது அச்சு அசல் நம் எட்டு மாதிரி இருக்கும். ஏழு என்பது நம் ஒன்பது மாதிரி இருக்கும். இது தெரியாமல் நான் பட்ட பாடு: ஒரு பெரியவர் துண்டுச் சீட்டைக் காட்டினார், தெருப் பெயர் ஆங்கிலத்தில், வீட்டு எண் அவர் கையெழுத்தில் 89. வெயிலில் அவரையும் அவர் மனைவியையும் நடத்திக்கொண்டு 89ஐத் தேடுகிறேன், அந்தத் தெருவே அறுபதோடு முடிந்துபோகிறது. கடைசியில் பெட்டிக்கடைக்காரர், பரம்பரை பரம்பரையாக வங்காளத்தில் குடியிருந்தவர் மாதிரி சீட்டை எட்டிப் பார்த்து, "அது நாப்பத்தேழு, தாண்டி வந்துட்டீங்க" என்றார். அன்றிலிருந்து எண் என்றால் விரல் விட்டுக் காட்டச் சொல்கிறேன், இல்லை போனில் அடிக்கச் சொல்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஆட்டோக்காரரிடம் வாடகையைப் பேசி, அந்தத் தொகையை அவர்கள் போனில் அடித்துக் காட்டிவிட்டுப் போவது. ஒன்றரை நிமிஷம் ஆகும். கூடவே போய் டோக்கன் வாங்கி, தங்க இடம் பார்த்து, எல்லாவற்றையும் நீங்களே செய்ய முற்பட்டால் உங்களையும் புரோக்கர் என்று நினைத்துப் பயப்படுவார்கள், அவர்கள் பயப்படுவது நியாயமும்கூட. என்ன வியாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் வழிப்போக்கருக்குத் திண்ணை, தண்ணீர்ப் பந்தல், சத்திரம் என்று எவ்வளவு செய்தார்கள்! இப்போது எல்லார் கையிலும் போன், பக்கத்தில் ஆள் செத்தாலும் தெரியாது. – மதுரை வாசகர்

உங்கள் ஊர் ஜங்ஷனுக்கு எதிரிலேயே ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டவர், சாலையும் சத்திரமும் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். சுமைதாங்கிக் கல்லை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக, தலைச்சுமைக்காரர் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாற, ஆள் உயரத்துக்கு நட்ட கல். இதைவிட நுணுக்கமாக ஒரு முன்பின் தெரியாதவரின் கழுத்து வலியை யோசித்தவர்கள் இருக்க முடியாது.

எல்லாம் சரி. ஆனால் அந்தத் திண்ணையில் யார் யார் உட்கார முடிந்தது? சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்புவரை நம் ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலேயே பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி. போராடித்தான் அது போனது. அதனால் அந்தக் காலம் என்று நீங்கள் சொல்லும்போது நான் பாதிதான் தலையாட்டுவேன்.

போனைப் பற்றி: போன மாதம் உங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் ஐம்பது ரூபாயை நீட்டி, பெரியார் பஸ் நிலையத்துக்கு டிக்கெட் கேட்டு "ஒரு பெரியார்" என்றான். அந்த நோட்டு ஏழு கை மாறிக் கண்டக்டரிடம் போனது. எண்ணினேன். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே ஏழு கை வழியாகத் திரும்பி வந்தன. அதில் நாலாவது கை, போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கை. கண்ணைத் திருப்பாமலே வாங்கினார், கண்ணைத் திருப்பாமலே கொடுத்தார், ஒரு ரூபாய் குறையவில்லை.

ஒரு தடவை எங்கள் பெட்டியில் பத்து, பதினொரு வயதுப் பையன் தனியாக வந்தான். சந்தேகமாக இருந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது. – ஜோலார்பேட்டை வாசகி

கையில் பை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு, டிடிஆர் வருகிற திசையைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறான் என்றால் உங்கள் சந்தேகம் சரிதான். அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்: சுற்றி நின்று "யாருடா நீ, எங்கடா அப்பா அம்மா" என்று விசாரணை நடத்தாதீர்கள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிடுவான். பக்கத்தில் உட்காருங்கள், கடைக்காரர் வந்தால் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள், கிரிக்கெட்டோ எதுவோ பேசுங்கள். இன்னொருவர் நகர்ந்து போய் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ ரயில்வே உதவி எண் 139க்கோ போன் செய்து வண்டி, பெட்டி, அடுத்து நிற்கும் ஊர் மூன்றையும் சொல்லட்டும். அவன் அழுகிறான் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது சிக்கலில்தான் முடியும். உறுத்துகிறது என்றால் அந்த இரண்டு எண்ணையும் இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்களுக்கு என் மகன் போர்வை கொடுத்தான். அதை வீடியோ எடுத்துப் போட்டான். நல்ல விஷயம் பரவட்டுமே என்கிறான். – கோவை வாசகர்

போர்வைக்குப் பாராட்டு. வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்கள். தூங்குகிறவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம், ஊரில் "ஹோட்டல்ல வேலை" என்று சொல்லியிருக்கலாம்.

விடுதிக்குத் தனியாகப் போய் வருகிறேன். பேச்சுக் கொடுக்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது? முரட்டுத்தனமாக இருக்கவும் மனம் வரவில்லை. – நாகர்கோவில் மாணவி

"எதுவரைக்கும்?" என்பது நம் ஊரில் வணக்கம் மாதிரி, பதில் சொல்லிவிடலாம், அதுவும் இறங்கும் ஊருக்கு ஒரு ஊர் தள்ளி. "சொந்த ஊர் எது?" பரவாயில்லை. "அந்த ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பா பேரு என்ன?" என்று இறங்க ஆரம்பித்தால் அவர் தேடுவது உங்கள் தெரு இல்லை, சாதி. அங்கே ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். முரட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம், இதைக் கேட்டவருக்குத்தான் வெட்கம் வர வேண்டும்.

பொய் சொல்ல அனுமதி உண்டு. "அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்துட்டான்" என்ற அண்ணனை, ஒரே பெண்ணாகப் பிறந்த என் தோழி பதினைந்து வருஷமாக வைத்திருக்கிறாள். தொந்தரவு என்று தோன்றினால் 139, யோசிக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. கூபேயில் ஒரு பெண் மட்டும் தனியாக, மற்ற எல்லாரும் ஆண்கள் என்று பார்த்தால், ஒன்றும் பேசாமல் உங்கள் முறுக்கு டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு முறை திருநெல்வேலியில் ஏறிய ஒரு அக்கா இதைத்தான் செய்தார். "அங்க ஃபேன் ஓடல" என்றார். எட்டிப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உங்களுக்கு யாராவது செய்து, திரும்பச் செய்ய முடியாமல் போன உதவி உண்டா? – பெரம்பலூர் வாசகர்

உண்டு, உங்கள் ஊர் தாண்டித்தான் நடந்தது. அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வார இறுதி, நிற்கவும் இடம் இல்லை. தொழுதூர் தாண்டியதும் இன்னொரு போன் வந்தது. என்ன பேசினேன் என்று நினைவில்லை, "எப்ப?" என்று மட்டும் கேட்டிருப்பேன். மூன்று பேர் சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர், நாற்பது வயது இருக்கும், காக்கிப் பேன்ட், மடியில் மஞ்சள் பை, எழுந்து "உக்காருங்க, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்" என்றார். உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் இருந்தவர் கேட்காமலே கண்ணாடியைத் திறந்துவிட்டார்.

பெரம்பலூர் வந்தது, போனது. பாடாலூர், சமயபுரம் எல்லாம் போனது. திருச்சி மத்திய பஸ் நிலையத்தில் இறங்கும்போதுதான் பார்த்தேன், பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் பை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார், உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் டிக்கெட் எதுவரைக்கும் என்று இன்னும் தெரியாது.

ஜன்னல் சீட் கேட்டு அழுகிற குழந்தைக்கு நம் சீட்டைக் கொடுக்க வேண்டுமா? – விழுப்புரம் வாசகர்

வேண்டாம். நான் கொடுப்பதில்லை, எனக்கும் ஜன்னல் பிடிக்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி வரும்போது மட்டும் எழுந்து இடம் விடுவேன். ஏரி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வேன். அழுதால் அழட்டும், அதற்கு அம்மா இருக்கிறார்.